விட்டுவைத்த மீன்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கவேண்டும். உடம்புக்கு முடியாவிட்டால் மட்டும்தான் நீ அக்காவுக்குப் போன் செய்வாய், இரண்டு மாதமாக மணியே அடிக்கவில்லை. நானே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் எதைக் கேட்டாலும் "சரிக்கா, பாக்குறேன்க்கா, மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று நழுவிவிடுவாய். கடிதம் என்றால் உட்கார்ந்து பதில் எழுதித்தான் தீரவேண்டும். உன்னை உட்காரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அத்தானுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் குனியக்கூடாது என்றார். நேற்றுப் பார்த்தால் மனிதர் படகு இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடக்கிறார். கேட்டால், "நான் எங்க குனிஞ்சேன், படுத்துல்ல இருக்கேன்" என்கிறார். உன் மருமகள் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதாவது, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் துறைமுகத்து மீன் ஏலக்கூடத்துப் பலகையில் உங்கள் மீன்வளத் துறையின் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஏலம் முடிந்த கையோடு எல்லோரும் கூடிவிட்டார்கள். ஐஸ்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தார். முதல் பக்கத்தைக் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடலில் வருடத்துக்கு மொத்தம் இவ்வளவு கலவா மீன்தான் பிடிக்கலாம் என்று ஓர் அளவு. அந்த அளவில் படகுக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கு அவனவன் சொத்து. இன்றைக்குப் பிடித்தாலும் அடுத்த மாதம் பிடித்தாலும் அது அவனுடையது. இனி முந்திக்கொள்ள வேண்டும் என்று காற்றிலும் மழையிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடவேண்டியதில்லை. "எவன்யா எழுதினது? கடலுக்குப் போனவன் மாதிரியே எழுதியிருக்கானே!" என்றார் ஏலக்காரர். படகில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கும் ஓர் அதிகாரி எழுதியது என்று நான் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு போய்விட்டது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கடைசி மூன்று வருடம் அவரவர் பிடித்த எடையை வைத்து முடிவு செய்வார்களாம். ஐஸ்காரர் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த மூன்று வருடமும் நாங்கள் கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டின் பக்கம் தூண்டிலைக் கொண்டுபோகவில்லை. கலவா முட்டையிடக் கூடும் இடம் அது ஒன்றுதான், அதையும் வழித்தெடுத்தால் முதலுக்கே மோசம், கொஞ்ச காலம் விட்டுவைப்போம் என்று சொன்னவள் நான். சட்டம் எதுவும் கேட்கவில்லை. சங்கத் தலைவி சொல்கிறாளே என்று இருபத்திரண்டு படகுக்காரர்களும் தலையாட்டினார்கள். வருமானம் பாதியானது. இரண்டு பேர் படகை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள், மிச்சம் இருபது படகு. தெற்குத் துறைமுகத்தில் எங்களுக்கு 'இலவு காத்த கிளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். திட்டில் பெருகி வெளியே போன மீனை அவர்கள்தான் வளைத்து வளைத்துப் பிடித்தார்கள். இப்போது உங்கள் கணக்குப்படி அவர்களுக்கு மலை, எங்களுக்கு மடு.

கூட்டம் கலையும்போது ஒரு படகுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "புடிச்சவனுக்குப் பங்கு, சரி. விட்டவனுக்கு என்னக்கா?" என்றார்.

அந்த இரண்டாம் பக்கத்தை எழுதியது யார், தம்பி?

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன், வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் படித்து முடித்தேன். இரண்டு பக்கத்தையும் எழுதியது நான்தான். முதல் பக்கத்துக்கு மட்டும் சொந்தம் கொண்டாட ஆசைதான், நீ விடமாட்டாய்.

ஏன் கடைசி மூன்று வருடம் என்று கேட்டால், எல்லாத் துறைமுகத்திலும் எடை மெஷின் வைத்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்கு முந்தியதெல்லாம் வாய்க்கு வந்த கணக்கு. கோர்ட்டுக்குப் போனால் நிற்காது. குழுவில் இதைப் பேசிய அன்றைக்கு எனக்குத் திட்டு ஞாபகம் வந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எதிரே கணக்குப் பிரிவு அதிகாரி உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் காலையில்தான் டீ குடிக்கும்போது, "வடக்குத் துறைமுகத்துச் சங்கத் தலைவி உங்க அக்காதானாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அக்காவுக்காகச் சட்டத்தை வளைத்தான் என்ற பேச்சு வந்தால் முழுத் திட்டமும் கெட்டுவிடும் என்று நினைத்தேன். நேர்மையாக நடந்துகொள்கிறோம் என்றுதான் நினைத்தேன் அக்கா.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். போன வருடம் வெளியூரில் நடந்த கருத்தரங்கில், ஊர் பேர் சொல்லாமல் உங்கள் திட்டைப் பற்றிப் பேசினேன். அரசாங்கம் கேட்காமல், அபராதம் இல்லாமல், காவல் இல்லாமல், இருபது படகு ஒரு பெண்ணின் பேச்சுக்காக இரண்டு வருடமாகத் தூண்டிலைச் சுருட்டி வைத்திருக்கிறது என்றேன். நம்பமுடியவில்லை என்று ஒருவர் எழுந்து கேட்டார். "எனக்கும்தான் சார்" என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். வழக்கம்போல் போன் செய்யவில்லை.

இது இன்னும் வரைவுதான். ஜூன் மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறது. சங்கத்தின் பெயரில் ஆட்சேபம் எழுதிக் கொடுங்கள்.

அத்தானைப் படுத்துக்கொண்டும் இன்ஜின் பார்க்கவேண்டாம் என்று சொல்லவும்.

அன்புள்ள தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

எனக்காக நீ பேசியிருக்க வேண்டாம். என்றைக்காவது உன்னிடம் ஒரு சிபாரிசு கேட்டிருக்கிறேனா? லைசென்ஸ் புதுப்பிக்க மற்றவர்களோடு வரிசையில் நின்றுதான் வாங்குகிறேன்.

ஆனால் ஒன்று தப்பு என்று உனக்குத் தெரிகிறது. அதைச் சொன்னால் அக்காவுக்கும் நன்மையாகிவிடுமே என்று சொல்லாமல் விடுகிறாய். நான் உன் அக்காவாக இல்லாமல் வேறு யாரோவாக இருந்திருந்தால் பேசியிருப்பாய், இல்லையா? அப்படியானால் இந்த இருபது குடும்பமும் செய்த குற்றம், உனக்கு அக்காவாகப் பிறந்தவளைத் தலைவியாக வைத்துக்கொண்டதுதான். உன் சட்டையில் கறை படக்கூடாது என்று கையை எங்கள் மேல் துடைத்துவிட்டாய். இதற்குப் பெயர் நேர்மை இல்லை, பயம்.

வரைவு என்கிறாய். இங்கே வரைவைப் படித்துவிட்டு ஒருவன் காரில் வந்து இறங்கிவிட்டான். மீனைக் குளிர்பதனம் செய்து விற்கும் கம்பெனி ஆளாம். பங்கைப் படகின் பெயரில் எழுதியதும் அதை விற்கலாம் என்று உன் மூன்றாம் பக்கம் சொல்கிறதே, அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறான். "வர்றதே பாதி. அதையும் வித்துட்டு நிம்மதியா இருக்கலாமே" என்று நாலைந்து பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எல்லாப் பங்கும் அவன் கைக்குப் போனபிறகு எங்கள் கடலில் நாங்களே கூலிக்குப் போகவேண்டியதுதான்.

என் வீட்டுப் படியிலும் ஏறினான். எங்கள் படகு பெரியது, எடையும் கூடுதல், விலையும் அதற்குத் தக்கபடி. உன் மருமகள் மேற்படிப்புக்கு அது தாராளமாகப் போதும். அத்தான் அவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார். நான் உள்ளேயே இருந்தேன். வெளியே வந்தால் என்ன பேசிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

ஆட்சேபம் எழுத எங்களுக்குத் தெரியும். உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் எழுது.

இப்படிக்கு,
சங்கத் தலைவி

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய சங்கத் தலைவி அவர்களுக்கு,

என் அக்காவைப் பார்த்தால் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடவும்.

அக்கா, நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை. நேராக இயக்குநரிடம் போனேன். ஒரே தாளில் இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, நான் எழுதிய பங்குக் கணக்கு தப்பு. மீனை விட்டுவைத்தவனைத் தண்டித்து, வழித்தெடுத்தவனுக்குப் பரிசு கொடுக்கிறது. இரண்டு, இந்தத் தப்பால் நஷ்டப்படும் துறைமுகத்தின் தலைவி என் உடன்பிறந்த அக்கா. ஆகவே இனி நான் இந்தக் குழுவில் உட்காரக்கூடாது.

இயக்குநர் இரண்டு தடவை படித்தார். "ரெண்டுல ஒண்ணு போதாதாய்யா?" என்றார். "ரெண்டாவது இல்லேன்னா முதலாவதை யாரும் நம்பமாட்டாங்க சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் மேலே பதில் சொல்லவேண்டியவர். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

கையோடு மாற்றல் ஆணையும் வந்தது. இப்போது தரைத்தளத்தில், மாடிப்படிக்குக் கீழே, படகு லைசென்ஸ் கவுன்ட்டரில் இருக்கிறேன். ஜன்னல் இல்லை. மேலே யார் போனாலும் என் தலைமேல் செருப்புச் சத்தம் கேட்கும். ஒரு பசை டப்பா, ஒரு முத்திரை, காலாட்டினால் தானும் ஆடும் மேசை. நான் நாலு வருடம் உழைத்த சட்டம் வேறு யாருடைய கையெழுத்தோடோ வெளிவரும். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். வீட்டில் உன் தம்பி பெண்டாட்டி, "கவுன்ட்டர்ல உக்காந்தாலாவது சாயங்காலம் நேரத்தோட வீட்டுக்கு வருவீங்க" என்றாள். ஆறுதலா கிண்டலா என்று இன்னும் தெரியவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். இன்றைக்கு மேல், முடிவு வரும்வரை, நான் உனக்கு எழுதமாட்டேன், போனும் செய்யமாட்டேன். உள்ளே நடந்ததைத் தெரிந்தவன் வெளியே உள்ளவருக்கு ஒரு யோசனை சொன்னாலும் அது தப்பு. நீ எழுதினால் படிப்பேன். பதில் வராது. பயத்தினால் இல்லை அக்கா.

அன்புள்ள தம்பி

மே 10

அன்புள்ள தம்பிக்கு,

பதில் வராது என்று தெரிந்து எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நீ குறுக்கே பேசமாட்டாய்.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். மாடிப்படிக்குக் கீழே என்ற இடத்தில் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். "நீதானே அவனை அந்தத் திட்டு திட்டின" என்றார் அத்தான். ஆமாம், நான்தான். திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் நீ இவ்வளவு பெரிய காரியம் செய்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே நடப்பதைக் கேள். நாங்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தோம். திட்டை மூன்று வருடம் விட்டுவைத்தோம் என்பதற்கு ஆதாரம் கேட்டு ஒரு வரியில் பதில் வந்தது. போனதற்கு எடை இருக்கிறது, போகாததற்கு என்னத்தைக் காட்டுவது? ஏலக்கூடத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் கடல் ஆராய்ச்சி நிலையத்துப் பெண் வந்தாள். எல்லாத் துறைமுகத்து ஏலக்கூடத்துக்கும் போய் மீன் தலையைக் கேட்டு வாங்கிப் போவாளே, நம் ஆட்கள் 'காதுக்கல் டாக்டர்' என்று பட்டம் கட்டியிருக்கிறார்களே, அவள்தான். மீனின் காதுக்குள் ஒரு சின்னக் கல் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு வளையம் அதில் கூடும், மரத்தை அறுத்தால் தெரிவதுபோல. அதை வைத்து மீனின் வயதைச் சொல்லிவிடுவாள். "மத்த எந்தத் துறைமுகத்துலயும் நாலு வயசைத் தாண்டின கலவாவை நான் பாக்கலை. அதுக்குள்ள புடிச்சிடுறாங்க. நீங்க நெஜமாவே விட்டுவெச்சிருந்தா, திட்டுல அதைவிட வயசான மீன் இருக்கணும். மீனையே சாட்சிக்குக் கூப்பிடலாமே" என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாட்சி சொல்ல வரும் மீன் திரும்பிப் போகாதே. மூன்று வருடம் பிடிக்கவில்லை என்று காட்டப் பிடிக்கவேண்டும். சங்கத்தில் பெரிய சண்டை. "கடன்காரன் வாசல்ல நின்னப்பக்கூட அங்க போகலக்கா. இப்ப ஒரு காகிதத்துக்காகப் போகணுமா?" என்று ஒருவர் அழுதேவிட்டார். ஐஸ்காரர் என் காதுக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று சொன்னார். "நாம விட்டது மீனுக்குத் தெரியுமே. அதுக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?" அதற்குப் பிறகுதான் கை தூக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் தூக்கினார்கள். டாக்டர் கேட்டதில் பாதி மீனுக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

தூண்டிலை நான்தான் போட்டேன். வேறு யாரையும் போடச் சொல்ல மனசு வரவில்லை. காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை தம்பி. கயிறு இறங்கி நிற்பதற்குள் இழுத்தது. மேலே வந்ததை இரண்டு கையாலும் தாங்கிப் படகில் வைத்தேன். இவ்வளவு பெரிய கலவாவை நான் கல்யாணமான புதிதில் பார்த்ததுதான். பழுப்பும் புள்ளியுமாக, வாயைத் திறந்து, என்ன சமாச்சாரம் என்று கேட்பதுபோல் பார்த்தது. மீன் பிடித்துவிட்டு இப்படி வாயடைத்து நின்ற படகை நான் கண்டதில்லை.

ஏலக்கூடத்து மேசையிலேயே மைக்ராஸ்கோப்பை வைத்துவிட்டாள் டாக்டர். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தோம். நடுவிலிருந்து நாலு வளையம். அதற்கு வெளியே இன்னும் மூன்று. அந்த மூன்றும் நாங்கள் கரையில் உட்கார்ந்திருந்த வருடங்கள். இரண்டாவது மீனிலும் அப்படித்தான், மூன்றாவதிலும். ஏலக்காரர் பார்த்துவிட்டு நகரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். "இருங்கப்பா, நாம சும்மா இருந்தது எவ்வளவு அழகா இருக்குன்னு பாக்குறேன்" என்றார்.

கூட்டம் அடுத்த மாதம். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனிக்காரன் விலையை ஏற்றியிருக்கிறான். உன் மருமகள் படிக்க விரும்பும் இடத்திலிருந்தும் கட்டணம் எவ்வளவு என்று தாள் வந்துவிட்டது. "உனக்கு எது செஞ்சா தூக்கம் வருமோ அதைச் செய்" என்று அத்தான் சொல்லிவிட்டு அவர் தூங்கிவிட்டார்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். கேட்கக்கூடாது, தெரியும்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை ஆணை வெளியாகிவிட்டது. கவுன்ட்டர் பலகையில் பசை தடவி ஒட்டியது நான்தான். நான் எழுதிய சட்டத்தை நானே சுவரில் ஒட்டினேன், நேராக இருக்கிறதா என்று இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். இனி உனக்கு எழுதலாம்.

கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். நீ பார்க்கவில்லை. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போட்டிருந்தது, நானும் பொதுமகன்தானே. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே மின்விசிறி இல்லை. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ பேசியது உனக்கே தெரியும். அது கடைசி வரிசையிலிருந்து எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாதே, அதைத்தான் எழுதுகிறேன்.

உன்னைக் கூப்பிட்டதும் நீ செருப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாய். கையில் ஒரு தாளும் இல்லை. மைக் உன் உயரத்துக்கு மேலே நின்றது, அதை இறக்கிவிட ஒருவர் ஓடிவந்தார். "வேணாம்ப்பா, எனக்குக் குரல் இருக்கு" என்றாய். அங்கேயே பாதிச் சபை உன் பக்கம் வந்துவிட்டது. டாக்டர் திரையில் காதுக்கல்லைக் காட்டியபோது நான் வளையத்தைப் பார்க்கவில்லை. உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து தெற்குத் துறைமுகத்துச் சங்கத் தலைவர் எழுந்தார். "இந்தம்மாவோட தம்பிதான்யா இந்தச் சட்டத்தையே எழுதினவன்! அக்காவுக்குப் பங்கு கூடாம இருக்குமா?" என்று கத்தினார். கணக்குப் பிரிவு அதிகாரி மேசையில் உட்கார்ந்து சிரித்தார், அதே சிரிப்பு. நீ கொஞ்சமும் அவசரப்படவில்லை. "ஆமாங்க, என் தம்பிதான் எழுதினான். தப்பா எழுதிட்டான். தப்புன்னு அவனே சொன்னான். சொல்லிட்டு எழுந்து போயிட்டான். அவன் உக்காந்த நாற்காலி இந்த மேசைக்கிட்ட இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாய்.

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் தூணைப் பார்த்துக்கொண்டு அழுதேன் அக்கா. பக்கத்திலிருந்த பெரியவர், "சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, லைசென்ஸ் கவுன்ட்டர்" என்றேன்.

பிறகு தலைமை அதிகாரி உன்னிடம் எவ்வளவு கூடுதல் பங்கு வேண்டும் என்று கேட்டாரே, அந்த இடம். யாராக இருந்தாலும் ஒரு கணக்குச் சொல்லியிருப்பார்கள். நீ இரண்டு விஷயம் கேட்டாய். கடலில் விட்டுவைத்த மீனை டாக்டரைக் கொண்டு அளந்து, பிடித்த மீனுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாய். பங்கைப் படகின் பெயரில் எழுதவேண்டாம், துறைமுகத்தின் பெயரில் எழுதுங்கள், உள்ளே நாங்கள் முறைபோட்டுப் பிரித்துக்கொள்கிறோம், வெளியே யாருக்கும் விற்கமுடியாதபடி வையுங்கள் என்றாய். பெரிய படகு வைத்திருப்பவள் நீ. கம்பெனி கொடுப்பதாகச் சொன்ன விலை உனக்குத்தான் அதிகம். வாசலில் நின்ற விலையை நீ சபையில் வைத்து அனுப்பிவிட்டாய்.

தெற்குத் தலைவர் மறுபடி எழுந்தார். இந்தத் தடவை கத்தவில்லை. "அப்ப நாங்களும் ஒரு இடத்தை விட்டுவெச்சா, அதுவும் எங்க கணக்குல ஏறுமா?" என்றார். நீ அவர் பக்கம் திரும்பி, "ஏறணும்ங்க. அதுக்குத்தான் கேக்குறேன். உங்களுக்கும் அதே கணக்குதான்" என்றாய். அவர் உட்கார்ந்துவிட்டார். நாலு வருடம் புத்தகம் புத்தகமாகப் படித்துவிட்டு நான் தேடியது அந்த ஒரு விதியைத்தான். பிடிக்கப் பிடிக்கப் பங்கு கூடும் என்றால் மனிதன் பிடிப்பான். விட்டுவைத்தாலும் கூடும் என்றால் விட்டும் வைப்பான். எனக்கு இது தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. இதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். என் அக்கா என்று எழுந்து கத்தவேண்டும் போலிருந்தது, முடியாதே. கூட்டம் முடிந்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிட்டேன். நீ ஐஸ்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியதைச் சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். உனக்கும் முழங்கால் வலியா? சொல்லவே இல்லையே.

நீ கேட்ட இரண்டும் ஆணையில் வந்திருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. இயக்குநர் நேற்றுக் கீழே இறங்கிவந்து மேசை ஆடாமல் இருக்க ஓர் அட்டையை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, கூப்பிடாமலும் போகலாம்.

மருமகள் படிப்புக்கு நான் இருக்கிறேன் என்பதை மறந்துவிடாதே. அது சிபாரிசு இல்லை, தாய்மாமன் கடமை.

அன்புள்ள தம்பி

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் தெரியாது என்று நினைத்துக்கொண்டாயா? உன் தும்மலை எனக்குத் தெரியாதா? நான் பேச எழுந்தபோதே இரண்டு தடவை தும்மினாய். நீ இருக்கிறாய் என்று தெரிந்துதான் எனக்கு மைக் இல்லாமலே குரல் வந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பியிருந்தால் பேச்சு வந்திருக்காது, வேறு ஏதாவதுதான் வந்திருக்கும்.

முழங்கால் வலியை அத்தானுக்குச் சொல்லாதே. படுத்துக்கொள் என்பார்.

உன் மருமகள் இந்த வருடம் இங்கேயே சேர்கிறாள். என்ன படிப்பு தெரியுமா? காதுக்கல் டாக்டர் படித்த படிப்பு. போனைக் கீழே வைத்துவிட்டு மீன் தலையை அறுத்துக்கொண்டிருக்கிறாள். வீடெல்லாம் நாற்றம். மாமன் கடமையைப் பெரிய செலவு வரும்போது கேட்கிறேன், ஓடி ஒளியாதே.

திட்டைத் திறந்துவிட்டோம். ஒரு நாளைக்கு ஒரு படகுதான் போகலாம், அதுவும் அளவோடு. யாருக்கு எந்த நாள் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வழக்கம்போல் நல்ல நாள் வந்தவன் சிரித்தான், மற்றவன் முனகினான். சீட்டு எழுதும்போது ஒரு பேச்சு வந்தது. உனக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று. "மீன் அனுப்பலாம்" என்றார் ஒருவர். "லஞ்சம்னு திருப்பி அனுப்புவான், ஐஸ் தண்டம்" என்றார் ஐஸ்காரர். மாலை போடலாம், பலகை வைக்கலாம் என்று என்னென்னவோ சொன்னார்கள். எதைச் சொன்னாலும், அவன் வேலைக்கு உலை வைத்துவிடாதீர்கள் என்றேன்.

அன்றைக்கு என்னிடம், விட்டவனுக்கு என்னக்கா என்று கேட்ட படகுக்காரர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "அவருக்கும் ஒரு சீட்டு எழுதுங்க. அவரு நாள் வந்தா யாரும் போகவேணாம்" என்றார். கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபிறகு ஏலக்காரரே ஒரு தாளைக் கிழித்து ஐஸ்காரரிடம் நீட்டினார். ஐஸ்காரர் உன் பெயரை எழுதவில்லை, எழுதினால் வம்பு வருமாம். 'கவுன்ட்டர்' என்று எழுதி மடித்துப் போட்டார். இருபது படகு, இருபத்தொரு சீட்டு. இனி ஒவ்வொரு சுற்றிலும் உனக்கு ஒரு நாள் உண்டு.

இதை லஞ்சம் என்று சொல்ல உன்னாலும் முடியாது. உன் கைக்கு ஒரு செதில்கூட வரப்போவதில்லை.

நேற்று உன் முறை. கடல் கண்ணாடியாகக் கிடந்தது. அப்படி ஒரு நாள் எனக்கு வந்திருக்கக்கூடாதா என்று எனக்கே பொறாமையாக இருந்தது. காலையில் எல்லோரும் வந்து படகுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. ஏலக்காரர் டீ வாங்கிக்கொடுத்தார். தெற்கிலிருந்து ஒருவர் ஏதோ வேலையாக வந்தவர், "என்ன, இன்னிக்கு யாரும் போகலையா?" என்று கேட்டார். "போயிருக்காங்களே. இன்னிக்கு எங்க தலைவியம்மா தம்பி முறை" என்றார் ஐஸ்காரர்.

அடுத்த சுற்றில் லீவு போட்டுவிட்டு வா. படகில் ஏறவேண்டாம், கரையில் நின்றால் போதும். நேற்று உன் பங்குக்கு வந்த மீனெல்லாம் திட்டில்தான் இருக்கிறது, பத்திரமாக.

அன்புடன்,
உன் அக்கா